குளமும் ஓடையும்: காவிரிக் கழனிகளில் மீன் வந்த வழி

திருவாரூருக்குப் போய்வந்தவர்கள் அவ்வூர்ச் சொலவடை ஒன்றைக் கேட்டிருப்பார்கள். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்பது அது. கோயிலின் பெருமையும் கமலாலயக் குளத்தின் பெருமையும் நாடறிந்தவை. ஓடைக்கும் ஏன் சரிசமமாக ஐந்து வேலி கொடுத்துச் சொன்னார்கள்? சொன்னவர் மனத்தில் ஓடையில் பூத்த செங்கழுநீர் இருந்திருக்கலாம். ஆனால் குளத்து மீன் பேசுமானால் அதுவும் ஓடைக்குத்தான் வாக்களிக்கும்.

தஞ்சைப் பகுதியில் ஒரு குளத்தில் பத்து வகை மீன்கள் துள்ளும். கூப்பிடு தூரத்திலுள்ள இன்னொரு குட்டையில் விராலும் குறவையும் தவிர வேறொன்றும் அகப்படாது. இரண்டிலும் தண்ணீர் ஒன்றே, மண்ணும் ஒன்றே. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரு நீர்நிலையில் ஓர் உயிரி காணப்பட வேண்டுமானால் அது இரண்டு வாயில்களைக் கடந்திருக்க வேண்டும். முதலில், அங்கே வந்து சேர வேண்டும். பிறகு, வந்த இடத்தில் பிழைக்க வேண்டும். முன்னதைப் 'பரவல்' என்றும், பின்னதை முடிவு செய்யும் சூழலை 'வாழிடம்' என்றும் உயிரியலார் குறிப்பிடுவர். இவ்விரண்டில் எது வலியது என்ற வழக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்த வழக்கின் முக்கியமான சாட்சியங்கள் சில, வியப்பாக, நம் காவிரிக் கழிமுகத்திலிருந்தே கிடைத்திருக்கின்றன.

தரங்கம்பாடியில் ஒரு பனைமரம்

1791ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தது. (1845இல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.) அங்கே பணியாற்றிய லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர் ஒரு குளக்கரைப் பனைமரத்தில் ஒரு மீனைக் கண்டார். நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், மரப்பட்டையின் பிளவில் அது தொற்றிக்கொண்டு மேலே ஏற முயன்றதாக அவர் எழுதினார். லண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் 1797இல் அச்சான அந்தக் குறிப்பு ஐரோப்பாவையே வியக்க வைத்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது. அந்த மீனை அவர்கள் முன்பே 'பனையேறி' என்றுதான் அழைத்து வந்தார்கள்.

அதே தரங்கம்பாடியில் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியாரும் இருந்தார். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பது முழுப்பெயர். நம் நாட்டு மீன்களைப் பதப்படுத்தி, உள்ளூர்ப் பெயர்களையும் எழுதி, பெர்லினில் இருந்த மருத்துவர் மார்க்கஸ் புளோக்குக்கு அனுப்பி வைப்பது அவர் வழக்கம். புளோக் அவற்றுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். முள்ளால் குத்தினால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும் 'தேளி' மீன் 1794இல் பெயர் பெற்றது இந்தத் தரங்கம்பாடித் தொடர்பால்தான். அதற்கு அவர் வைத்த 'ஃபாசிலிஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் 'தோண்டி எடுக்கப்பட்டது' என்று பொருள். வறண்ட குளத்துச் சேற்றைத் தோண்டித் தேளி பிடித்த எவருக்கும் அது பொருத்தமான பெயராகவே தோன்றும்.

பனையேறி உண்மையிலேயே பனை ஏறுமா? பிற்காலத்தவர் பலர் ஐயப்பட்டார்கள். காக்கையும் பருந்தும் மீனைக் கவ்விச் சென்று மரக்கிளையில் விட்டிருக்கலாம் என்று 1927இல் பி. கே. தாஸ் என்ற ஆய்வாளர் விளக்கம் தந்தார். மரம் ஏறும் கதையை விட்டுவிடுவோம். தரையில் அது நடப்பது ஐயமற்ற உண்மை. செவுள் மூடியின் ஓரத்திலுள்ள முட்களை மண்ணில் ஊன்றி, வாலை உந்தி, மழை பெய்த இரவில் ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்கு நகர்ந்து செல்லும். செவுளறைக்கு மேலே பூவிதழ்போல் மடிந்த ஓர் உறுப்பு அதற்கு உண்டு. அதைக்கொண்டு காற்றையே நேராகச் சுவாசிக்கும். விராலும் குறவையும் தேளியும் வேறு வேறு அமைப்புகளால் இதே வேலையைச் செய்கின்றன.

சென்னை மாகாண மருத்துவப் பணியைச் சேர்ந்த டாக்டர் பிரான்சிஸ் டே இதைச் சோதித்துப் பார்த்தார். இத்தகைய மீன்களை நீர்ப்பரப்புக்கு வரவிடாமல் வலையால் தடுத்து வைத்தார். நிறையத் தண்ணீர் இருந்தும் அவை மூச்சுமுட்டி இறந்தன. தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன்! இந்த விந்தைக்கும் நம் குட்டைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கோடையில் இலைதழை அழுகி, நீரில் கரைந்த பிராணவாயு வற்றிப்போன குட்டையில் கெண்டை செத்து மிதக்கும். விரால் தலையைத் தூக்கி ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். வந்து சேரும் வாயில், வாழும் வாயில் இரண்டுக்கும் சாவி இந்த மீன்களிடம் இருக்கிறது. தனித்துக் கிடக்கும் குட்டையில் விராலும் குறவையும் மட்டும் அகப்படும் மர்மம் இதுதான்.

மற்ற மீன்களுக்கு வாய்க்கால் வேண்டும். குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் விட்டதும் ஆறு, கிளையாறு, வாய்க்கால், மடை, வயல் எல்லாம் ஒரே நீர்ப்பின்னலாகி விடுகின்றன. வெண்ணாற்றில் இருந்த கெண்டைக்குஞ்சு சில வாரங்களில் யாரோ ஒருவருடைய நாற்றங்கால் ஓரத்தில் திரியும். தை பிறந்து அறுவடை முடிந்து தண்ணீரும் நின்றால் அந்தப் பின்னல் அறுந்துபோகும். ஒவ்வொரு குழியும் ஒரு தீவு. ஆண்டுதோறும் இப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் நடக்கும் நாடகத்தை நம் உழவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். புதுத்தண்ணீர் பாயும் நாளில் மடைவாயில் 'பறி' வைத்ததும், வற்றும் நாளில் முழங்கால் நீரில் 'ஊத்தா' போட்டதும் இந்த அறிவின் பயனே. மீன் எந்த நாளில் எந்த வழியாகப் போகும் என்று தெரியாதவன் பறி முடைந்து என்ன பயன்?

காய்ந்த சேற்றில் உறங்கும் கூட்டம்

நடக்கவும் தெரியாமல், வாய்க்காலும் இல்லாமல் பரவும் உயிர்களும் உண்டு. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில் இதற்குச் சில எளிய சோதனைகளைத் தருகிறார். நத்தை முட்டைகள் பொரிந்துகொண்டிருந்த நீர்த்தொட்டியில் வாத்தின் கால் ஒன்றைத் தொங்கவிட்டார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான குஞ்சு நத்தைகள் அதில் ஏறிக் கெட்டியாக ஒட்டிக்கொண்டன. வெளியே எடுத்தபின்னும் ஈரக்காற்றில் 12 முதல் 20 மணி நேரம் வரை உயிரோடிருந்தன. அதற்குள் வாத்து எத்தனை குளம் தாண்டியிருக்கும்! இன்னொரு முறை ஒரு குளத்தோரச் சேற்றில் மூன்று கரண்டி அள்ளி வந்து, முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537.

நார்வே நாட்டு அறிஞர் சார்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த காய்ந்த சேற்றைத் தம் ஊரில் நீரில் கரைத்தார். அதுவரை எவரும் விவரிக்காத நீர்ப்பூச்சி வகைகள் அதிலிருந்து பொரிந்து நீந்தின. அவற்றை விவரித்து 1885இல் ஒரு நூலே எழுதினார். ஆஸ்திரேலியாவுக்குப் போகாமலே அந்நாட்டு உயிர்களைக் கண்டவர் அவர்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். சித்திரை வைகாசியில் வறண்டு வெடித்த குட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து, கண்ணாடிச் சாடியிலிட்டு, பிடித்துவைத்த மழைநீரை ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். சில நாட்களில் ஊசிமுனை அளவுள்ள உயிர்கள் குதித்துக் குதித்து நீந்துவதைக் கைப்பெருக்காடியால் காணலாம். தாய் இட்ட முட்டைகள் கெட்டி ஓட்டுக்குள் வெயிலைத் தாங்கிக் கிடந்து, நீர் பட்டதும் விழித்துக்கொள்கின்றன. கிணற்று நீரில் உப்பு மிகுந்திருந்தால் இந்தச் சோதனை தோற்றுப்போகலாம்.

அதிர்ஷ்டம் இருந்தால், இலைபோன்ற கால்களை அசைத்து மல்லாந்து நீந்தும் ஓர் உயிரியும் சாடியில் தோன்றக்கூடும். ஆங்கிலத்தில் 'ஃபேரி ஷ்ரிம்ப்' என்று இதன் இனத்தை அழைப்பர். இந்தியாவில் காணும் ஒரு வகைக்கு ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ் என்று 1860இல் பேர்டு என்பவர் பெயரிட்டார். பாவம், இதற்கு ஓடவும் தெரியாது, ஒளியவும் தெரியாது. மீன் இருக்கும் நீரில் ஒரு வேளை உணவுதான். ஆகவே மீன் வந்து சேராத, ஆண்டுக்கொரு முறை முற்றிலும் காய்ந்துபோகும் குட்டைதான் இதற்குப் புகலிடம். மீனுக்கு எமனாகும் வறட்சி இதற்குக் காவல். வழி இல்லாத குட்டை ஏழைக் குட்டை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே வேறொரு கூட்டம் குடியிருக்கிறது.

பறந்து வருபவை இன்னொரு வகை. மழைக்காலத்தில் வயலுக்கு மேலே கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தும்பியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தற்காலிக மழைக்குட்டையில் முட்டையிட்டு, அது வற்றுவதற்குள் சில வாரங்களிலேயே வளர்ந்து பறந்துவிடும் விரைவுக்காரன் அது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் மாலத்தீவில் இத்தும்பிகள் திரளாக வந்திறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன், அவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று 2009இல் எழுதினார். நத்தையோ எங்கும் போகாது. கதவை மூடிக்கொண்டு சேற்றுக்குள் உறங்கிவிடும். வடுவூர் ஏரிபோல் மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வறளும் நீர்நிலைகளில் இவை அனைத்தும் ஒருங்கே வாழ்கின்றன. அங்கே வந்திறங்கும் பறவைகள் இந்தக் கூட்டத்தைத் தின்னவும் செய்கின்றன. தம் காலிலும் குடலிலும் அதன் முட்டைகளைச் சுமந்து செல்லவும் செய்கின்றன.

நுண்ணுயிர்கள் எங்கும் போய்ச் சேருகின்றன, எது நிலைக்கும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்தை 1934இல் டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் வரைந்தார். காய்ந்த சேற்றில் உறங்கும் முட்டைகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மீனுக்குப் பொருந்துமா? அதே 1934ஆம் ஆண்டு காவிரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி வேறு விடை சொன்னது. அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர்

உல்லம் என்ற மீனை இன்றைய தஞ்சை இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன்தான். கடலில் வளரும், முட்டையிட ஆற்றை நாடும். ஆற்றில் புதுவெள்ளம் பெருகிக் கடலில் கலக்கும்போது அந்த நன்னீரை எதிர்த்து மேலேறி வரும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் பாசனத்துக்குப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்ததால் ஆற்றுநீர் அதன் வழியே ஓடிக் கடலில் வீணாயிற்று. காவிரிக் கிளை மணலடித்து மேடிட்டு வந்தது. இதை மாற்றியவர் ஆர்தர் காட்டன். 1836ஆம் ஆண்டையொட்டி முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கொள்ளிடத்துக்குக் குறுக்கே எழுந்தன. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பியது. கீழணையில் தேங்கிய நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிவரை பாய்ந்தது. தஞ்சையின் நெற்களஞ்சியப் பெயர் நிலைத்ததில் இந்த இரண்டு கட்டுமானங்களுக்கும் பெரும் பங்குண்டு.

ஆனால் கீழணை உல்லத்துக்கு நேர் எதிரே எழுந்த சுவர். கடலிலிருந்து வந்த மீன் அதன் அடியில் திரண்டு நின்றது. மேலே போக வழியில்லை, திரும்பிப்போக மனமில்லை. வலைக்காரருக்கு அதைவிட எளிய வேட்டை ஏது? முட்டை நிறைந்த தாய்மீன்கள் அங்கேயே அள்ளப்பட்டன.

இதைப்பற்றி முதலில் அபாயச்சங்கு ஊதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஆர்தர் காட்டன்தான். சென்னை மாகாண ஆறுகளில் கட்டிய அணைக்கட்டுகளால் மீன்வளம் கெடக்கூடும் என்று 1867இல் லண்டனிலிருந்த இந்திய மந்திரிக்கு அவர் எழுதினார். தம் கைவேலையின் பின்விளைவை இப்படிக் கேள்விக்குள்ளாக்கிய பொறியாளர்கள் மிகச் சிலரே. அதன் தொடர்ச்சியாகத்தான், முன்னே நாம் சந்தித்த பிரான்சிஸ் டே மீன்வள விசாரணைக்கு அனுப்பப்பட்டார். 1873இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, அணைக்கட்டுகளில் மீன் ஏற வழி விடவேண்டும் என்று வலியுறுத்தியது.

வழி என்றதும் ஐரோப்பியர் நினைவுக்கு வந்தது அவர்கள் ஊர் 'மீன் ஏணி'. படிப்படியாக நீர் வழியும் தொட்டிகளில் துள்ளித் துள்ளி ஏறும் சால்மன் மீனுக்காகச் செய்த அமைப்பு அது. உல்லம் சால்மன் அல்ல. அது துள்ளித் தாண்டும் மீனன்று; நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத்தான் அதற்குத் தெரியும். வேற்றூர் மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டையை நம் பிள்ளைக்குப் போட்ட கதைதான்!

1909இல் வேறொரு முயற்சி நடந்தது. மாகாண மீன்துறையின் வில்சன் என்பவர் கீழணையில் முகாமிட்டு, பிடிபட்ட உல்லத்தின் முட்டையையும் ஆண்மீனின் விந்தையும் பிழிந்து கலந்து, செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க முயன்றார். மீனால் சுவரைத் தாண்ட முடியாவிட்டால் குஞ்சையாவது ஆற்றில் விடலாமே என்ற எண்ணம். பின்னர் பி. சுந்தரராஜ் என்ற நம் நாட்டு அறிஞர் கொள்ளிடத்து உல்லத்தின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்து 1917இல் கட்டுரை வெளியிட்டார்.

இந்நிலையில்தான் 1934 வந்தது. அவ்வாண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 93 டி.எம்.சி.க்கு மேல் நீரைத் தேக்கும் ஏரி அது. ஆடிப்பெருக்கில் நுங்கும் நுரையுமாக வந்த வெள்ளம் அதன்பின் மதகின் கணக்குப்படி வந்தது. ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் அடைப்பு என்பது பாசன வழக்கமாயிற்று. உழவருக்கு இது வரம். உல்லத்துக்கோ, முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் அழைப்போசையே கேட்கவில்லை. கீழணை சாலையை அடைத்தது; மேட்டூரோ அழைப்பிதழையே நிறுத்திவிட்டது. மேட்டூரின் பாடங்களைப்பற்றி 1941இல் சுந்தரராஜ் தனிக்கட்டுரை எழுதி, அணைகளைத் திட்டமிடும்போதே மீனையும் எண்ணவேண்டும் என்பதை நாட்டுக்கு உணர்த்த முற்பட்டார். கங்கையில் ஃபராக்கா அணைக்கட்டு 1975இல் செயல்படத் தொடங்கியபோது, அலகாபாத் வரை ஏறிவந்த இலிஷ் மேற்பகுதிகளில் அருகிப்போயிற்று. கொள்ளிடத்தில் பார்த்த காட்சியே ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து மீண்டும் அரங்கேறியது.

காவிரியில் நீர் கெட்டதால் உல்லம் மறைந்தது என்று சொல்ல இயலாது. முட்டையிடும் மணற்படுகை மேலே இருந்தது. வாழிடம் இருந்தும் வழி இல்லாமல் போயிற்று. விலாங்கின் கதை சற்று வேறு. அது நன்னீரில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன். நூல் போன்ற அதன் குஞ்சுகள் ஈரச்சுவரில் ஒட்டி ஊர்ந்து ஏறவல்லவை. ஒரே அணை ஒன்றுக்குச் சிறைச்சுவர், மற்றொன்றுக்கு ஏறக்கூடிய படி. அணைக்கட்டு தேக்கித் தந்த நீரால் வயல்கள் நனைந்து, பனையேறிக்கும் விராலுக்கும் புது நிலங்கள் கிடைத்தன என்பதையும் மறக்கக் கூடாது. எந்த உயிர் எப்படிப் பயணம் செய்யும் என்று கேட்காமல், அணை நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது.

ஆள் கொண்டுவந்த மீன்

உல்லத்துக்கு வழியை அடைத்த மனிதன், வேறு மீன்களுக்கு வழியைத் திறந்தும் விட்டான். இன்று தஞ்சைச் சந்தையில் சாதாரணமாக விற்கும் கட்லா, காவிரியின் பிறவி மீன் அன்று. வடக்கே கோதாவரி முதலிய ஆறுகளுக்குரியது. நடுவிலுள்ள நிலத்தை அதனால் தாண்ட முடியாது. மீன்துறையினர் தாண்ட வைத்தார்கள். காவிரி நீர் அதற்கு முன்பும் ஒத்துவரக்கூடியதாகத்தான் இருந்தது. குறைவாக இருந்தது வண்டி ஒன்றே.

ஆப்பிரிக்காவின் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. 'ஜிலேபிக் கெண்டை' என்று செல்லப்பெயர் வைத்து நம்மவர் அதை ஏற்றுக்கொண்டார்கள். முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பது, உவர்நீரையும் தாங்குவது, சில மாதங்களிலேயே இனம் பெருக்குவது ஆகிய திறமைகளால் குளம் வாய்க்கால் எங்கும் அது நிறைந்துவிட்டது. அதன் பின்னே ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தது. அதுவோ காற்றையும் சுவாசிக்கும், ஈரத்தரையில் நகரவும் செய்யும், கிடைத்ததையெல்லாம் விழுங்கவும் செய்யும். விராலின் சாவிகள் எல்லாம் அதனிடமும் உள்ளன; உடலோ பல மடங்கு பெரிது. மத்திய அரசு 2000இல் அதன் வளர்ப்புக்குத் தடை விதித்தது. ஆயினும் காவிரியில் அது பிடிபட்டிருக்கிறது. வளர்ப்புக் குட்டை ஒன்று மழையில் கரை உடைந்தால் போதும். வாய்க்கால் பின்னல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே மீன்வளர்ப்போர் இப்போது இரு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. குளத்தின் வரத்து வாய்க்கால் தூர்ந்தால் கெண்டை வராது. திறந்தே கிடந்தால் வேண்டாத கெளுத்தியும் வரும். நீர் புகும் வாயிலும் வெளியேறும் வாயிலும் நெருக்கமான வலைத்தட்டி வைப்பது, கோடையில் ஒருமுறை குளத்தை அடிமண் தெரியக் காயவிடுவது ஆகிய இரண்டும் பழைய முறைகள்தாம், நன்கு பயன்படுவனவும்கூட. காயவிடும்போது சேற்றில் புதைந்த விராலும் தேளியும் தப்பிவிடும் என்பதால், தட்டியைக் கழற்றுமுன் சேற்றையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள்.